பதினாலு நாள் பிளாஸ்திரி

“நான் பாக்கலைன்னுதானே சொன்னேன். பாத்தேன்னா சொன்னேன்?”

“பாக்காதவ வாயப் பொத்திக்கிட்டு வத்தலக் கிள்ள வேண்டியதுதான? ஒன்னய யாரு கேட்டா?”

“கேட்டாகளே. பட்டுச்சேல கட்டுன அம்மா என்னய மாதிரி ஆளுகிட்ட நின்னு பேசுறாகளேன்னு எந்திரிச்சு நின்னு பதில் சொன்னேன். மரியாத தெரியாதவன்னு பேரு வாங்கச் சொல்றீகளா?”

“எம் மக கல்யாணத்துக்குக் கொள்ளி வச்சிட்டு மரியாதயப் பேசுறா பாரு.”

திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே சண்முகவேல் அண்ணாச்சியின் பல்சரக்குக் கடை. கடை வாசலில் சாக்கு விரித்து முழங்கால் உயரத்துக்கு மிளகாய் வத்தல் கொட்டியிருந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் கூலிக்குக் காம்பு கிள்ளுகிற செல்லக்கிளி. இந்தப் பக்கம் அண்ணாச்சியின் மனைவி முத்துமாரியம்மாள், இடுப்பில் கையை ஊன்றியபடி. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அது வத்தல் நெடியா வயிற்றெரிச்சலா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

பார்த்தவர்கள் கொஞ்சப் பேரல்ல. அருப்புக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அண்ணாச்சி மட்டும் எதுவும் காதில் விழாத மாதிரி ஒரே அரைக்கிலோ சீனியை மூன்றாவது தடவை நிறுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னன்னு இத்தன பேரு முன்னாடி சொல்லு,” என்றாள் முத்துமாரியம்மாள்.

“சொல்றேன். ‘பொண்ணு கையில என்னது அது?’ன்னு அந்தம்மா கேட்டாக. ‘ரெண்டு வாரமா மூடியே வச்சிருந்தாக, உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலத்தா’ன்னு சொன்னேன். இதுல ஒரு வார்த்த பொய்யின்னா எந் நாக்க அறுத்து ஒங்க கடை எண்ணெயிலயே பொரிச்சிருங்க.”

ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதுதான் முத்துமாரியம்மாளுக்கு ஆத்திரம். பொய் என்றால் கோயிலில் சூடம் அணைக்கச் சொல்லலாம். உண்மையை என்ன செய்வது?

“நாளையிலேருந்து வேலைக்கு வராத,” என்றாள்.

“இன்னைக்கே வரல,” என்று முந்தானையை உதறிவிட்டு எழுந்து போனாள் செல்லக்கிளி. கண்டக்டர் விசிலை ஊதினார்.

விஷயம் இதுதான். நாலு நாளைக்கு முன்னால் பாலவனத்தத்திலிருந்து மூத்தவள் கஸ்தூரிக்குப் பூ வைக்க வந்தார்கள். வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். நேற்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: பொண்ணு கையில் வெள்ளை இருக்கிறது, வெண்குட்டம் மாதிரி தெரிகிறது, எங்களுக்கு வேண்டாம். அந்த வார்த்தை ஒரு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்து போகாது. கஸ்தூரிக்குப் பின்னால் இன்னொருத்தி பாவாடை தாவணியில் நிற்கிறாள். இவளுக்கு வராத மாப்பிள்ளை அவளுக்கு மட்டும் வருவானா?

இதற்கெல்லாம் மூலம் ஒரு தகர டப்பா.

முத்துமாரியம்மாளின் தம்பி வெள்ளத்துரை கொழும்பில் கடை வைத்திருந்தான். அந்த வருசம் ஊருக்கு வந்தபோது அக்காளுக்கு ஒரு டப்பா பிளாஸ்திரி கொண்டு வந்தான். விரல் நீளத் துண்டுகள், உள்ளங்கையில் பாதி அகலத்துக்குச் சதுரத் துண்டுகள், நடுவில் மெத்தென்று மருந்துத் துணி, சுற்றிலும் கோந்து. மனுசத் தோலின் நிறம் என்று தம்பி சொன்னான். எந்த மனுசன் தோலோ, அந்த நிறத்தில் திருச்சுழியில் யாரும் இருந்ததில்லை.

அதுவரைக்கும் அந்தத் தெருவில் காயம் என்றால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், கிழிந்த வேட்டித் துணி. இனி அப்படியா? டப்பா அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஏறியது. வெறும் தலைவலிக்கே முத்துமாரியம்மாள் நெற்றிப்பொட்டில் ஒன்றை ஒட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பாள். யாராவது “என்னக்கா நெத்தியில?” என்று கேட்க வேண்டும். கேட்டால் வெள்ளத்துரை, கொழும்பு, கப்பல் என்று வரிசையாக வரும். கேட்காமல் போகிறவர்களுக்கு அன்றைக்குப் புளியில் கொட்டை கூடுதலாகப் போகும்.

டப்பாவுக்குள் எப்படிப் போட வேண்டும் என்று இங்கிலீசில் ஒரு தாள் இருந்தது. அதில் அண்ணாச்சி பெருங்காயம் மடித்துவிட்டார். அதனால் விதிமுறைகளை முத்துமாரியம்மாளே வகுத்துக்கொண்டாள். ஒட்டினால் காயம் ஆறும் வரைக்கும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உள்ளே இருக்கிற மருந்து ஆவியாகப் போய்விடும்.

ஒருநாள் கஸ்தூரி கடையில் கடலையெண்ணெய் டின்னை உடைத்தபோது தகரத்தின் விளிம்பு இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அண்ணாச்சி காப்பித்தூளுக்கு ஓடினார். முத்துமாரியம்மாள் “காப்பித்தூளாம்” என்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவை எடுத்து வந்தாள். மகள் அழுதுகொண்டிருந்தாள், தாய் முகத்தில் திருவிழா. இருப்பதிலேயே பெரிய சதுரத் துண்டாகப் பார்த்து ஒட்டினாள்.

மூன்றாம் நாள் குளிக்கும்போது ஓரம் கிளம்பியது. கஸ்தூரி, “மாத்திரலாமாம்மா, உள்ள நசநசன்னு இருக்கு” என்றாள்.

“மருந்து வீணாப் போகும்டி. கையக் காட்டு.”

பல்சரக்குக் கடை வீட்டில் எது இல்லாவிட்டாலும் பசை இருக்கும். பழைய பேப்பரில் பை ஒட்டுவதற்கு மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து தூக்குவாளியில் வைத்திருப்பார்கள். அந்தப் பசையை விரலில் தொட்டுக் கிளம்பிய ஓரத்தில் தடவி அழுத்தினாள். நின்றது. ஆறாம் நாள் மறுபடி கிளம்பியது, மறுபடி பசை. ஒன்பதாம் நாள் கஸ்தூரி “அரிக்குதும்மா” என்றாள். “அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்” என்றாள் தாய்.

பதினாலாம் நாள் பாலவனத்தத்தார் வந்தார்கள். பூ வைக்க வருகிறவர்கள் முன்னால் பெண் கையில் கட்டோடு நிற்கலாமா? அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது முத்துமாரியம்மாள் மகளை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். காயம் கோடாகக் கூடியிருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு சதுரம், ஊறவைத்துத் தோலுரித்த மொச்சைக்கொட்டை மாதிரி, வெள்ளை வெளேரென்று.

“என்னம்மா இது?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்ணுமில்ல. வளையல அதுக்கு மேல ஏத்திப் போடு.”

மாப்பிள்ளை அருஞ்சுனைக்குத் தாய் இல்லை. அத்தை முத்துலட்சுமிதான் வளர்த்தவள். துணிக்கடையில் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து நூலை இழுத்துப் பார்த்து, பிறகும் வாங்காமல் வருகிற ரகம். அவள் கஸ்தூரிக்குப் புது வளையல் போடுவதற்காகப் பழைய வளையலைக் கழற்றினாள். பார்த்தாள். கொண்டு வந்த வளையலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டும் பெருந்தன்மை. ஆனால் பூவைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசலில் வத்தல் கிள்ளிக்கொண்டிருந்த செல்லக்கிளியிடம் நின்று ஒரு கேள்வி கேட்டாள். செல்லக்கிளி எழுந்து நின்று பதில் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால் மறுநாளே அந்த வெள்ளை போய்விட்டது. தோல் தன் நிறத்துக்கு வந்துவிட்டது. துத்தம் பட்ட ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் பொரி. முத்துமாரியம்மாள் மகள் கையைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் நன்றாகப் பார்த்துவிட்டு, அவள் தலை மறைந்ததும், “மஞ்சளும் பவுடரும் வச்சு எம்புட்டு நைசாப் பூசியிருக்காக பாத்தியா” என்றார்கள். கை சுத்தமாக இருக்க இருக்கச் சந்தேகம் கூடியது.

சண்டை நடந்த அன்று மத்தியானம் கஸ்தூரி யாரிடமும் சொல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் கோகிலாம்பாளிடம் கையை நீட்டினாள்.

“எத்தன நாள் போட்டிருந்த?”

“பதினாலு.”

“பிளாஸ்திரியா, கல்வெட்டா?” என்றாள் நர்ஸ்.

தகர டின் வெட்டினது என்றால் அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா என்று திட்டிக்கொண்டே ஒரு ஊசி போட்டாள். பசை என்று சொன்னதும் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள். “நல்ல தண்ணியில காயத்தக் கழுவணும். ஈரம் போக ஒத்தி எடுக்கணும். அதுக்கப்புறம் ஒட்டணும். தெனம் ஒரு புதுசு. நனஞ்சா அப்பவே மாத்தணும். நீ குளிக்கிற தண்ணியும் வேர்வையும் பதினாலு நாளா உள்ளயே கெடந்து தோலு ஊறிப்போச்சு. துணி தொவைக்கிறவ வெரலப் பாத்ததில்லையா? அதேதான். வெண்குட்டம்னா ஒரு நாளையில போயிருமா? அப்பிடியே அதுவா இருந்தாலும் தொட்டா ஒட்டாது. அதுக்காகக் கல்யாணத்த நிறுத்துறவுகளுக்குத்தான் வைத்தியம் பாக்கணும். சீட்டு எழுதித் தரவா?”

வீட்டுக்கு வந்து கஸ்தூரி சொன்னதும் முத்துமாரியம்மாள் முதலில் சீட்டுக்குப் பயந்தாள். “ஆஸ்பத்திரிச் சீட்டக் கொண்டுபோய்க் காட்டுனா நோயி இருக்கப் போயித்தான சீட்டுன்னு கேப்பாக.” அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. “அப்ப என்னாலதான்னு சொல்றாளாக்கும் அந்த நர்ஸு.”

“ஒங்க பேரச் சொல்லலம்மா. பசையின்னுதான் சொன்னாக.”

முத்துமாரியம்மாள் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் டப்பாவைத் திறந்து தன் கையிலேயே ஒரு சதுரத்தை ஒட்டிக்கொண்டாள். நேரத்துக்கு ஒரு தடவை அதில் தண்ணீரை ஊற்றினாள். சித்திரை வெயில். இரண்டாம் நாளே அரிப்பு தாங்காமல் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றாள். அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தமா என்று கஸ்தூரி கேட்கவில்லை. நல்ல பிள்ளை, முகத்தில் மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, பாலவனத்தத்தில் முத்துலட்சுமி வீட்டில் போய் இறங்கினாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“மதினி, எங்க மேல சந்தேகப்பட்டுட்டீக. பிளாஸ்திரி ஒட்டுனா யாருக்கும் இப்பிடித்தான் ஆகும். இந்தா பாருங்க,” என்று முத்துலட்சுமி முகத்துக்கு நேரே பிய்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, மகளுடையதை விட நல்ல வெள்ளை.

முத்துலட்சுமி கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிகவும் மரியாதையாக, “அப்ப இது ஆத்தா வழியா வர்றது. மறைக்காம வந்து காட்டுனீகளே, அதுவே பெரிய மனசு மதினி” என்றாள்.

 திரும்பி வரும் பஸ்ஸில் பந்தல்குடி விலக்கு தாண்டியதும் அண்ணாச்சி வாயைத் திறந்தார். கல்யாணமான இருபத்திரண்டு வருசத்தில் மனைவி பேசி முடிக்காமல் அவர் பேச ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.

“ரத்த சம்பந்தமில்லாத கை ஒண்ணு வேணும்.”

“ஒங்க கை?”

“நான் பொண்ணுக்கு அப்பன்.”

“கோடி வீட்டு மதினி?”

“எங்க சித்தப்பன் மக.”

இரண்டு பேரும் தெருவை வீடு வீடாக நினைத்துப் பார்த்தார்கள். மாமன், மச்சான், கொழுந்தன், கொழுந்தியாள், பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு. ஒரு அந்நியர் கூட இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் தோன்றி, இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

செல்லக்கிளி வீடு கண்மாய்க்கரைக்குப் போகிற வழியில். முத்துமாரியம்மாள் குனிந்து நுழைந்தபோது அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

“வாங்க. நாக்க அறுக்க வந்தீகளா?”

“நெஞ்சு வெந்து வந்திருக்கேன் கிளி. பேசாம கேளு.” நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆத்தா வழி என்று முத்துலட்சுமி சொன்ன இடம் வந்தபோது கட்டிலில் படுத்திருந்த செல்லக்கிளியின் புருசன் செல்லப்பாண்டி போர்வைக்குள் குலுங்கினான். “ஒங் கையில ஒண்ணு ஒட்டுறேன். மூணு நாள் வச்சிருந்துட்டு எங்கூட வந்து அந்தம்மா முன்னாடி காட்டிரு. அன்னைக்கு ஒன் வார்த்தைய நம்புனாகள்ல, இன்னைக்கும் நம்பட்டும்.”

செல்லக்கிளி சுளகைக் கீழே வைத்தாள்.

“எங் கையத் தாரேன். எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனா ஒண்ணு. அன்னைக்குக் கடை வாசல்ல, பஸ்ஸு நிக்கிற நேரத்துல என்னயக் கொள்ளி வச்சவன்னு சொன்னீக. அதே எடத்துல, அதே பஸ்ஸு நிக்கிற நேரத்துல, பசை போட்டு ஒட்டுனது யாருன்னு சொல்லிருங்க.”

“வீட்டுக்குள்ள வச்சு எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன்.”

“வீட்டுக்குள்ளயா என்னய வஞ்சீக?”

முத்துமாரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொழும்புத் தம்பி, அலமாரி டப்பா, நெற்றிப்பொட்டுப் பிளாஸ்திரி, இத்தனை நாள் தெருவில் கட்டிய பெருமையெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் கஸ்தூரி, அவளுக்குப் பின்னால் தாவணியில் ஒருத்தி.

மறுநாள் காலையில் அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றதும் முத்துமாரியம்மாள் கடைப்படியில் இறங்கி நின்றாள். செல்லக்கிளி வத்தல் குவியலுக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் ஏதோ இருக்கிறது என்று கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது. விசில் வாய்க்குப் போனது, ஊதவில்லை.

“எம் மகளுக்கு ஒரு நோயும் இல்ல. பதினாலு நாளா பிளாஸ்திரியப் பிரிக்க விடாதது நான்தான். கிளம்பக் கிளம்பப் பை ஒட்டுற பசையப் போட்டு ஒட்டுனதும் நான்தான். செல்லக்கிளி மேல தப்பில்ல.”

 ஜன்னலோரம் இருந்த ஒரு கிழவர், “மைதாப் பசையா, அரிசிப் பசையா?” என்று அக்கறையாகக் கேட்டார். அப்போது சிரிக்க ஆரம்பித்த பஸ், திருச்சுழி எல்லை தாண்டும் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனதாகக் கண்டக்டர் பிற்பாடு சொன்னார். முத்துமாரியம்மாள் காது மடல் வரைக்கும் சிவந்து நின்றாள். சண்முகவேல் அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். 

செல்லக்கிளியின் கையில் கஸ்தூரிதான் ஒட்டினாள். கழுவி, துடைத்து, பசை இல்லாமல். அந்த மூன்று நாளும் செல்லக்கிளிக்கு ராணி வாழ்க்கை. கேட்டவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினாள், கேட்காதவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். “தண்ணி ஊத்துற நேரமாச்சு” என்று வேலைக்கு நடுவே எழுந்து போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தாள். போன வாரம் பவுடர் என்று சொன்ன வாய்களே இப்போது “எப்பிடி இருக்கு கிளி, அரிக்குதா?” என்று விசாரித்தன.

பாலவனத்தத்தில் இந்தத் தடவை முத்துமாரியம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள். செல்லக்கிளி முன்னால் போனாள்.

“அன்னைக்குப் பாக்கலைன்னு சொன்னேன்லத்தா. இன்னைக்கு நானும் பாக்கேன், நீங்களும் பாருங்க. இவுக சொந்தக்காரி இல்ல நான். கூலிக்கு வத்தல் கிள்ளுறவ. இவுக ஆத்தா வேற ஊரு, எங்க ஆத்தா வேற ஊரு.”

பிய்த்தாள். சதுரமாக வெள்ளை.

முத்துலட்சுமி ஈரத் துணியால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள். பவுடர் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அடுப்பில் பாலைப் பார்க்கிற மாதிரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விருதுநகர் போகிற பஸ் ஒன்று போனது. இன்னொன்று போனது. ஓரத்தில் சுருக்கம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு ஏறியது. மூன்றாவது பஸ் ஹாரன் அடித்தபோது நடுவில் மட்டும் ஒரு நிழல் மாதிரி வெளுப்பு இருந்தது.

“மதினிய உள்ள வரச் சொல்லு,” என்றாள் முத்துலட்சுமி. “வெயில்ல எதுக்கு நிக்காக.”

கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அருஞ்சுனை சிரித்துவிட்டு, அத்தை திரும்பிப் பார்த்ததும் இருமினான். அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பூ வைக்க வருகிறோம் என்ற வார்த்தையோடு முத்துமாரியம்மாள் பறந்து வந்தாள். கஸ்தூரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நல்லதும்மா. அவுகளுக்கு என் கையப் பத்தித் தெரிஞ்சிருச்சு. அவுக கையப் பத்தி எனக்கு எப்பிடித் தெரியும்?”

“யாரு கைய?”

“மாப்பிள்ள கைய. ஒங்க கையப் பாத்தாச்சு, கிளியக்கா கையப் பாத்தாச்சு. அவுகளும் மூணு நாள் ஒண்ணு ஒட்டியிருந்துட்டு வந்து காட்டட்டும். அதுக்கப்புறம் பூ வைக்கலாம்.”

“ஏடி, கூடி வர்ற நேரத்துல...” முத்துமாரியம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்துச் சீனி மடிக்கிற மாதிரி பேப்பரில் நேர்த்தியாக மடித்து, அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குப் புறப்பட்ட செல்லக்கிளி கையில் கொடுத்தார். “சைக்கிள் கடையில குடுத்துட்டு, பொண்ணு சொன்னத அப்பிடியே சொல்லிரு. கூட்டாத, கொறைக்காத.”

கூட்டாமல் குறைக்காமல் சொல்வது செல்லக்கிளிக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டு வந்தாள். “என்ன சொன்னாக?” என்று முத்துமாரியம்மாள் தவித்தாள். “ஒண்ணும் சொல்லல. வாங்கி மேல்சட்டைப் பையில வச்சுக்கிட்டாக.”

அந்த மூன்று நாளில் முத்துமாரியம்மாள் பாதி இளைத்துப் போனாள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. அத்தை இல்லை, ஆள் அம்பு இல்லை. அருஞ்சுனை மட்டும், வேர்த்து வழிய, இடது மணிக்கட்டுக்கு மேலே பிளாஸ்திரியோடு. மாப்பிள்ளை ஆனவன் கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் பெண் வீட்டுக்கு வருவதாவது என்று தெருவே கதவிடுக்கில் நின்றது.

அவன் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து கையை நீட்டினான். கஸ்தூரி கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டு வந்து ஓரத்தில் தடவினாள். அப்படித் தடவினால் நோகாமல் வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

“பஞ்சருக்கு ஒட்டு போடுறதும் இதேதான்,” என்றான் அவன், பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டு. “டியூப்ப நல்லாத் தேய்ச்சு, ஈரமில்லாமத் தொடச்சுட்டுத்தான் ஒட்டணும். ஈரத்துல ஒட்டுனா நிக்காது. எங்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“யாரு கேக்க? ஒங்க அத்தையா, எங்கம்மாவா?”

“அதுவும் சரிதான்.”

பிய்த்தாள். எண்ணெய் தடவியும் கையில் இருந்த முடி கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. அவன் கண் கலங்கியது.

“வலிக்குதா?”

“இல்ல. வத்தல் நெடி.”

அன்றைக்குக் கடை வாசலில் வத்தல் கொட்டியிருக்கவில்லை. கஸ்தூரி வாசலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு வெள்ளையாகிப் போயிருந்த அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு, “எங்கம்மாவுது இதவிட வெள்ளையா இருந்துச்சு” என்றாள். உள்ளே கதவுக்குப் பின்னால் முத்துமாரியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்; ஆனால் சத்தம் வராமல் அடித்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம். முத்துலட்சுமி முகூர்த்தச் சேலையை நூலை இழுத்துப் பார்க்காமல் வாங்கினாளாம். பாலவனத்தத்தில் அதை இன்னும் யாரும் நம்பவில்லை. கஸ்தூரி அருப்புக்கோட்டைக்குக் குடிபோனாள். சைக்கிள் கடையில் பஞ்சர் சாமானுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா பிளாஸ்திரியும் பஞ்சும் இருக்கும். செயினில் விரல் கொடுத்து வருகிற பையன்களுக்கு அவள் முதலில் கையைக் கழுவச் சொல்வாள், அதற்கப்புறம்தான் ஒட்டுவாள், நாளைக்கு வந்து மாற்றிக்கொண்டு போ என்று விரட்டுவாள். தாவணியில் நின்றவளுக்கு இரண்டு வருசத்தில் வீரசோழன் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் பண்ணும் வீட்டில் இடம் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு கையையும் நன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள் என்று கேள்வி. நர்ஸ் கோகிலாம்பாளுக்கும் அந்தப் பக்கமே மாற்றலாகிவிட்டது. வெள்ளத்துரை கொழும்புக் கடையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். வரும்போது அக்காளுக்கு இன்னொரு டப்பா கொண்டு வந்தான். உள்ளே இருந்த தாளைச் சின்ன மருமகனிடம் கொடுத்து முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள் முத்துமாரியம்மாள். நெற்றிப்பொட்டில் ஒட்டுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செல்லக்கிளியும் செல்லப்பாண்டியும் மகனுக்குக் காரியாபட்டியில் வேலை கிடைத்ததும் அங்கேயே போய்விட்டார்கள். அங்கே சந்தையில் அவளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டால் போதும். சேலையை ஒதுக்கிவிட்டு இடது கையை நீட்டுகிறாளாம். “ஒரு கல்யாணத்த இந்தக் கையாலதான் நடத்தி வச்சேன். இங்ஙன பாரு, இப்ப ஒண்ணும் தெரியாது.”